முதலாளியின் ஏழு கொள்ளு

அக்டோபர் 7, செவ்வாய்

காலையிலிருந்து மூட்டம். வருகிறேன் வருகிறேன் என்று மிரட்டிவிட்டு மழை அவிநாசிப் பக்கம் போய்விட்டது. வலது முழங்காலில் வலி. இடது முழங்கால் தன் முறைக்காகக் காத்திருக்கிறது.

இந்த டைரியின் மேல் கை வைத்துச் சத்தியமாகச் சொல்கிறேன். இனி எழுதப்போகும் கதையை ஈரேழு பதினான்கு உலகத்திலும் ஒருவரும் நம்ப மாட்டார். நல்லவேளை, படிக்கவும் ஒருவர் இல்லை.

நான் யார் என்று எனக்கே எழுதிக்கொள்வது அபத்தம்தான். ஆனாலும் பட்டம் சொல்லாமல் தொடங்கிப் பழக்கமில்லை. பனியன் சாம்ராஜ்யத்தின் அன்னதானப் பிரபு, சாம்பார் சமுத்திரத்தின் தளபதி. அதாவது கேன்டீன் சூப்பர்வைசர். பெயர் சுப்பிரமணி. கம்பெனி முழுக்க ‘மாமா’.

விஷயம் முதலாளியைப் பற்றியது. அவரைத் தெரியாதவர் இந்த ஊரில் பனியன் போடாதவராக இருக்க வேண்டும். எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். மதியம் பன்னிரண்டரைக்கு முதலாளி கேன்டீனுக்கு வருவார். முதல் தட்டு அவருக்கு. தொழிலாளி தின்னும் அதே சோறு, அதே பொரியல். அவர் கை கழுவின பிறகுதான் சாப்பாட்டு மணி. சாம்பாரில் உப்பு கூடினால் அவர் முகத்திலேயே தெரியும், நான் ஓடி ஒளிவதற்கு நேரமும் இருக்கும்.

மூன்று வாரமாக முதல் தட்டு காலி. ஆயுத பூஜைக்கும் அவர் வரவில்லை. மணியை நானே அடிக்கிறேன். காரின் கண்ணாடி வழியாக எவனோ ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டான். கன்னம் இரண்டும் உள்ளே போயிருக்கிறது. அவ்வளவுதான், ஊருக்கு வேலை வந்துவிட்டது.

இதுவரை காதில் விழுந்தவை:

கிட்னி. (கட்டிங் செக்‌ஷன்.)

லண்டனில் வயிற்றை அறுத்துச் சுருக்கிவிட்டார்கள். (ஆபீஸ்.)

கம்பெனியை விற்கப் போகிறார், அதனால்தான் இளைக்கிறார். (காதர்பேட்டை பனியன் கடைகள். விற்பதற்கும் இளைப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.)

நூற்றிருபது வயது வாழ ரகசிய உணவு. (யூடியூப். இது நான் செய்த பாவம். கீழே வருகிறது.)

தினமும் மதியம் முதலாளி வீட்டுக்கு மூன்றடுக்குச் சாப்பாட்டுத் தூக்குப்போசியைத் துணியில் கட்டி எடுத்துப் போகிறவன் நான். அதனால் எல்லாரும் என்னையே கேட்டார்கள். செக்கிங் டேபிள் ஜெபமணி கேட்டாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, அவளுக்கு மட்டும் நான் ‘அண்ணாச்சி’, விடமாட்டாள். பீகார் டெய்லர்கள் கேட்டார்கள், இந்தியில். போன வாரம் நாலு மணி டீ நேரத்தில், சுற்றி நாற்பது பேர் நிற்க, நான் வாயைத் திறந்தேன்.

காலையில் ஏழு கொள்ளு. எண்ணி ஏழு. மதியம் வாழைத்தண்டுச் சாறு ஒரு டம்ளர். சாயங்காலம் வடக்கே பார்த்து நின்று மூன்று மூச்சு. அவ்வளவுதான் ஆகாரம். தூக்குப்போசி மூன்றடுக்கு எதற்கு என்று ஜெபமணி கேட்டாள். ஒரு அடுக்கில் கொள்ளு, ஒரு அடுக்கில் சாறு, ஒரு அடுக்கில் காற்று என்றேன். நல்ல சிரிப்பு. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொன்றும் சேர்த்தேன்.

“மாத்திரை மருந்து பூராத்தையும் தூக்கி வீசிப்போட்டாருங்க.”

இந்த ஊரை எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன். முதலாளி ஒரு மெஷின் இறக்கினால் அடுத்த தீபாவளிக்குள் ஆளுக்கொன்று இறக்குவார்கள், எதற்கென்று தெரியாவிட்டாலும். அவர் ஆபீஸ் வாசலை வடக்கே மாற்றினார். முதலிபாளையம் வரைக்கும் சுவரை இடித்தார்கள். அவர் செய்தால் அதில் ஏதோ இருக்கும் என்பதுதான் இங்கே படிப்பு, பட்டம், எல்லாம்.

இன்று உழவர் சந்தை. வாங்கியது: வெண்டை, பூசணி, து.பருப்பு, கொ.மல்லி. வாழைத்தண்டு இல்லை. நான்கு கடையில் கேட்டேன். எங்கும் இல்லை.

அக்டோபர் 8, புதன்

வெயில். தீபாவளி அவசரம், மூன்று ஷிப்டும் ஓடுகிறது. காலை உப்புமா கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. தீய்ந்த வாசனைக்கு ஆந்திர சமையல் என்று பெயர் சொல்லிப் பரிமாறினேன். அலுப்பு.

உண்மையை ஒரு இடத்திலாவது எழுதி வைக்க வேண்டும். இங்கே எழுதுகிறேன்.

முதலாளிக்குப் பல் இல்லை.

அவ்வளவுதான் நோய். மேலும் கீழுமாக மிச்சமிருந்த எல்லாவற்றையும் கோயமுத்தூரில் பிடுங்கிவிட்டார்கள். ஈறு ஆறின பிறகுதான் பல்செட்டு. வீட்டம்மா மகளின் பிரசவத்துக்குக் கனடா போயிருக்கிறார், அவருக்கும் தெரியாது. சமையல்காரரை லீவில் அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார். தூக்குப்போசியில் போவது அரிசியும் பருப்பும், மிக்ஸியில் அடித்துக் கூழாக்கியது. இன்னொரு அடுக்கில் ராகிக் கூழ். மூன்றாவதில் தயிர்.

என்னை ஏன் கூப்பிட்டீர்கள் என்று முதல் நாளே கேட்டேன். என் நேர்மை, விசுவாசம், இத்தனை வருட சேவை, இப்படி ஏதாவது வரும் என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

“நீ வெளிய போயி நெசத்தைச் சொன்னாலும் எவனும் நம்பமாட்டான், சுப்பு. அதுக்குத்தான்.”

மாத்திரையை அவர் ஒரு வேளைகூட விட்டதில்லை. பிரஷர், சர்க்கரை இரண்டுக்கும் உண்டு. விழுங்கச் சிரமம் என்று எந்த மாத்திரையைப் பொடிக்கலாம், எதைப் பொடிக்கக்கூடாது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். நான்தான் ஸ்பூனில் நசுக்கிக் கூழில் கலக்குகிறேன். அந்தக் கையோடு வந்துதான் டீ நேரத்தில் அப்படிச் சொன்னேன்.

அக்டோபர் 9, வியாழன்

கேட்டுக்கு வெளியே ஒருவன் மைக்குடன் நிற்கிறான். செக்யூரிட்டி விரட்ட விரட்டத் தள்ளித் தள்ளி நின்று பேசுகிறான். அவனுடைய வீடியோவை ஜெபமணி காட்டினாள். என்னுடைய ஏழு கொள்ளு அங்கே இருபத்தொன்று ஆகியிருக்கிறது. மூன்று மூச்சு முப்பது ஆகியிருக்கிறது. சித்தர் காலத்து முறையாம். பொய் சொன்னது நான், பெருக்கிவிட்டது அவன். கோபம் வந்தது. யாரிடம் போய்ப் புகார் சொல்வது.

மூன்று மணிக்கு கவிதா போன். தங்கை சரசுவின் மகள். வேறு கம்பெனியில் ஆர்டர் பார்க்கிற மெர்ச்சண்டைசர். அவள் வேலை நேரத்தில் கூப்பிட மாட்டாள்.

“ஏனுங்க மாமா, உங்க முதலாளி மாத்திரையெல்லாம் உட்டுட்டாருன்னு நீங்க சொன்னீங்களாமே, நெசமாலுங்களா?”

ஏன் கேட்கிறாய் என்றேன்.

“அப்பா ஆறு நாளா போடறதில்லீங்க.”

அப்பா என்பது மாப்பிள்ளை பழனிசாமி. என் தங்கை வீட்டுக்காரர். முதலிபாளையத்தில் பன்னிரண்டு மெஷின் போட்டு ஜாப் ஒர்க், அதாவது பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிறார். ஒரு காலத்தில் எங்கள் கம்பெனியில் காலர் தைத்தவர். முதலாளி என்றால் அவருக்குச் சாமி. படம் மாட்டி மாலை போடவில்லை, ஆள் உயிரோடு இருக்கிறார் என்பதால். சர்க்கரை பல வருடமாக. காலையும் மாலையும் மாத்திரை.

ஷிப்ட் முடிந்ததும் போனேன். தையல் சத்தத்துக்கு நடுவே, கட்டின பண்டல் மேல் உட்கார்ந்திருந்தார். கண் குழி விழுந்து, உதடு வெடித்து, பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு. சொம்பு காலியாகக் காலியாக சரசு நிரப்பிக்கொண்டே இருந்தாள். சின்னக் கிண்ணத்தில் கொள்ளு. எண்ணினேன். ஏழு. இருபத்தொன்று அல்ல. என் பேச்சை அப்படியே நம்பின ஒரே மனிதர்.

சொல்லிவிட்டேன். எல்லாம் பொய், நான் கட்டினது, சிரிக்கச் சொன்னது என்று. கையெடுத்துக் கும்பிட்டுக்கூடச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“முப்பது வருசமா நீங்க சொல்ற பொய்யக் கேட்டுட்டு இருக்கறனுங்க மச்சா. எது பொய்யின்னு எனக்குத் தெரியாதுங்களா? இப்ப சொல்றீங்க பாருங்க, அதுதானுங்க பொய்யி.”

முதலாளி வாயைக் கட்டிப் போட்டிருக்கிறார், அதனால் மறுக்கிறேன், அதுதான் அவர் முடிவு. ரகசியம் காக்கிற ஆள் என்று என்னைச் சரசுவிடம் பாராட்டவும் செய்தார். ஐம்பத்தெட்டு வயதில் என்னை ஒருவர் பாராட்டியது இதுதான் முதல் தடவை.

பல் விஷயம் நாக்கு நுனி வரை வந்தது. முதலாளிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். விழுங்கினேன்.

அக்டோபர் 10, வெள்ளி

தூறல். ஈரத்தில் விறகு அடுப்பு புகைகிறது. கேஸ் சிலிண்டர் வரவில்லை. சிலிண்டர்க்காரரிடம் நான்கு போன்.

உண்மை எடுபடாததால் மாப்பிள்ளையிடம் ஒரு பெரிய பொய்யை எடுத்துப்போனேன். முதலாளி முறையை மாற்றிவிட்டார், இமயமலையிலிருந்து ஒரு வைத்தியர் தனி விமானத்தில் வந்தார், கொள்ளோடு இங்கிலீஷ் மாத்திரையும் சேர்த்தால்தான் வேலை செய்யும் என்றார், என்று மூச்சு விடாமல் சொன்னேன். என் வாழ்நாளின் சிறந்த படைப்பு. தனி விமானம் இறங்க நொய்யல் ஆற்றங்கரையைச் சமன் செய்தது வரைக்கும் வைத்திருந்தேன்.

மாப்பிள்ளை போனை எடுத்து மைக்குக்காரனின் புது வீடியோவைக் காட்டினார். அதில் மாத்திரையே விஷம் என்கிறான். விமானம் பற்றி ஒன்றும் இல்லை.

“அதெல்லாம் உங்களுக்குத் தெரியறதுக்கு முந்தி அவங்களுக்குத் தெரிஞ்சிருமுங்க மச்சா.”

பொய் என் கையை விட்டுப் போய்விட்டது. ஊர் முழுக்கத் தனியாக நடமாடுகிறது. என்னைப் பார்த்தால் யார் நீ என்று கேட்கும்.

கவிதா வாசல் வரை வந்தாள். டாக்டரைப் பார்த்துப் பேசியிருக்கிறாள். இன்னும் சில நாள் இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் சொல்ல முடியாது என்றாராம். வண்டியில் ஏற்றப் பார்த்தால் மாப்பிள்ளை வாசல் கதவைப் பிடித்துக்கொள்கிறார். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

 

அக்டோபர் 11, சனி

புரட்டாசிச் சனி. கேன்டீனில் பாயசம். பெருமாள் கோயிலுக்குப் போகவில்லை. போனால் என்ன கேட்பது, என்னை ஊமையாக்கு என்றா.

பதினொரு மணிக்கு சரசு போன். அழுகை. ஓவர்லாக் தையல் மெஷின் மேலேயே மாப்பிள்ளை சாய்ந்துவிட்டார். நெற்றியில் வெட்டு, மூன்று தையல். தையல் போட்ட கிளினிக்கில் ஒரு பாட்டில் ஏற்றினார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். எழுந்து உட்கார்ந்ததும் வீட்டுக்குப் போக வேண்டும் என்று நின்றார், மாத்திரையைக் கையில் கொடுத்தால் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். உடம்பிலிருந்து கெட்டது வெளியே போகிறபோது இப்படித்தான் மயக்கம் வரும், வீடியோவில் சொல்லியிருக்கிறான் என்றாராம்.

“உங்களால ஆனதுதானுங்க அண்ணா” என்று மட்டும் சொன்னாள். என் தங்கை. என்னைக் கோபித்தே அறியாதவள்.

மதியம் மணி அடிக்க மறந்துவிட்டேன். தொழிலாளிகள் தட்டைத் தட்டிய பிறகுதான் நினைவு.

அக்டோபர் 12, ஞாயிறு

இதை முழுதாக எழுத வேண்டும். கை வலித்தாலும்.

பதினொன்றரைக்குத் தூக்குப்போசியுடன் முதலாளி வீடு. ஹாலில் தனியாக உட்கார்ந்து போனில் அதே வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தூக்குப்போசியைத் திறக்கவில்லை. நின்றபடியே ஒப்புக்கொண்டேன். டீ நேரம், ஏழு கொள்ளு, வாழைத்தண்டு, மாத்திரை, எல்லாம். இந்த டைரியிலேயே இவ்வளவு சுருக்கமாக நான் பேசியதில்லை.

அவர் போனை அணைத்து மேஜையில் கவிழ்த்து வைத்தார். வேலை போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டேன். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

“ஏழு கொள்ளா? எதுல மெல்லறது?”

சிரிக்கலாமா என்று தெரியவில்லை. சிரிக்கவில்லை. மாப்பிள்ளை விஷயத்தைச் சொன்னேன். முதலிபாளையம் பழனிசாமி, நெற்றியில் தையல், மாத்திரையைத் தொடமாட்டேன் என்கிறார், உங்களால், அதாவது என்னால்.

“காலர் பழனிசாமியா? முனை வளையாம திருப்புவானே, அவனா?”

ஆமாங்க என்றேன். அவர் வேட்டியைச் சரி செய்துகொண்டு எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கு வாய் மூடக் கட்டினார். கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த மாத்திரை டப்பாவை எடுத்தார். நான் போய் டிரைவரைக் கூப்பிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். டிரைவருக்கும் தெரியாது போலிருக்கிறது. என் வண்டியின் பின்னால் உட்கார்ந்தார். பனியன் உலகத்தின் சக்கரவர்த்தி, என் பழைய மொபெட்டில், மடியில் தூக்குப்போசியுடன். வழியெல்லாம் வேகத்தடை. ஒவ்வொன்றிலும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். எடை ஒன்றும் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஞாயிறு என்பதால் மெஷின் ஓடவில்லை. சரசு தண்ணீர்ச் சொம்போடு அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே கட்டிலில் மாப்பிள்ளை. எழ முயன்றார், தடுமாறினார். முதலாளி அவர் தோளை அழுத்தி உட்காரவைத்து, கட்டிலிலேயே பக்கத்தில் உட்கார்ந்தார். சரசுவிடம் ஒரு தட்டும் ஸ்பூனும் கேட்டார். தூக்குப்போசியை அவரே திறந்தார். அடித்த அரிசி பருப்பு. மாப்பிள்ளை அதைப் பார்த்தார். கொள்ளு எங்கே என்று தேடுகிற பார்வை.

முதலாளி துண்டை அவிழ்த்தார். வாயைத் திறந்தார். அகலமாக. விரலால் உதட்டை இழுத்து, மேல் ஈறு, கீழ் ஈறு, இரண்டையும் காட்டினார். வெளிநாட்டுப் பையர் வந்தால் சாம்பிள் பனியன் காட்டுவது போல, உள்பக்கம் வெளிப்பக்கம் எல்லாம். ஒரு பெரிய மனிதர் அப்படி வாயைத் திறந்து காட்டுவதை நான் பார்த்திருக்கக் கூடாது. கவிதா தலையைத் திருப்பிக்கொண்டாள்.

“இதுதானப்பா என்ற ரகசியம். வெளிய வர வெக்கமா இருந்துது, அவ்வளவுதான்.”

பல் இல்லாத பேச்சு, காற்றோடு வந்தது. ஒரு வார்த்தையும் தப்பாகக் கேட்கவில்லை.

மாத்திரையை எடுத்து ஸ்பூனால் நசுக்கினார். கூழில் கலந்தார். விழுங்கினார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டார்.

“உன்றது எங்க?”

மாப்பிள்ளை சட்டைப் பையில் கை விட்டார். நேற்று கிளினிக்கில் கொடுத்தது, காகிதத்தில் மடித்தபடி அங்கேயே இருந்தது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அவர் அழுதது மாத்திரைக்கா, முதலாளியின் ஈறுக்கா, ஒன்பது நாள் பசிக்கா, தெரியவில்லை. சரசு சொம்பை நீட்டினாள்.

விழுங்கினார்.

முதலாளி மிச்சக் கூழை அதே தட்டில் சரித்து அவர் பக்கம் நகர்த்தினார். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். கவிதா வெளியே ஆட்டோவை நிறுத்தியிருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப இந்தத் தடவை மாப்பிள்ளை வாசல் கதவைப் பிடித்துக்கொள்ளவில்லை. திரும்பும்போது முதலாளி துண்டைக் கட்டிக்கொள்ள மறந்துவிட்டார். நானும் சொல்லவில்லை. சிக்னலில் இரண்டு பேர் பார்த்தார்கள். இவரா, இந்த மொபெட்டிலா என்று பார்வையை எடுத்துக்கொண்டார்கள்.

அக்டோபர் 13, திங்கள்

மழை, நிஜமாகவே. ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளைக்கு ஊசியும் பாட்டிலும். பேசுகிறார், தேவலை. சரசு என்னிடம் இன்னும் பேசவில்லை. காபி மட்டும் கொடுத்தாள், சர்க்கரை போடாமல்.

மற்றவர்கள் எத்தனை பேர் மாத்திரையை விட்டார்களோ. ஜெபமணியைக் கூப்பிட்டு, முதலாளி மாத்திரையை விடவில்லை, நான் சொன்னது பொய், எல்லாரிடமும் சொல் என்றேன். அவள் ஒரு புருவத்தைத் தூக்கினாள்.

“மாத்திரை கம்பெனிக்காரன் உங்களையும் பிடிச்சுட்டான்னு சொல்லுங்க அண்ணாச்சி.”

அசதி. இவ்வளவு அசதி கேன்டீனில் வடை போடுகிற நாளில்கூட வந்ததில்லை.

அக்டோபர் 15, புதன்

வெளிச்சம். சிலிண்டர் வந்தது.

பன்னிரண்டரைக்கு முதலாளி கேன்டீனுக்கு வந்தார். துண்டு இல்லை. முதல் தட்டு கேட்டார். ரசம் சாதத்தை நான் பிசைந்து கொடுத்தேன், மூவாயிரம் பேர் பார்க்கச் சாப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து எல்லாரும் பார்க்கிற மாதிரி நசுக்கினார். கை கழுவினார். மணி அடித்தேன். சாயங்காலத்துக்குள் முதலிபாளையம் வரை எல்லாரும் மாத்திரையை நசுக்கிக்கொண்டிருப்பார்கள். எதை நசுக்கக்கூடாது என்கிற டாக்டர் சீட்டை வாங்கி நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். அதையாவது படிக்கட்டும்.

நாலு மணி டீ. விடாமல் கேட்டார்கள், என்ன நடந்தது, எப்படித் தேறினார் என்று. அவர் பல்லைப் பற்றி அவரே சொல்லட்டும். நான் என் வேலையைச் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை முதலாளி எட்டுக் காரில் என் தங்கை வீட்டுக்கு வந்தார், முன்னால் ஒரு யானை, அது ஓவர்லாக் மெஷினை வணங்கியது, அவர் நாற்பது இட்லி தின்றார், என் மாப்பிள்ளை எழுந்து நின்று மாத்திரையை விழுங்கினார், வானத்திலிருந்து பஞ்சு பொழிந்தது என்றேன். ஒருவரும் நம்பவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஜெபமணிக்கு டீ மூக்கில் ஏறியது.

கார் இல்லை. யானை இல்லை. இட்லி இல்லை. பஞ்சு பொழியவில்லை. மாப்பிள்ளை எழுந்தும் நிற்கவில்லை, உட்கார்ந்துதான் இருந்தார்.

மாத்திரையை விழுங்கினார். அது நிஜம்.